தவறி மடிந்த ஒன்று

ஸராகோஸா, ஸ்பெயின்
20 ஜூன் 2024

அன்புள்ள அத்தா,

ஸலாம். நீங்கள் போனை எடுப்பதில்லை. எப்போது அழைத்தாலும் தம்பி ஷஹீர்தான் எடுக்கிறான். "அத்தா பள்ளிவாசலுக்குப் போயிருக்காங்க" என்கிறான். எந்த வேளையிலும் பள்ளியிலேயே இருக்கிறவரா நீங்கள்? அதனால் எழுதுகிறேன். இதை அவன் போனுக்கு அனுப்பி, அச்செடுத்து உங்கள் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். படிக்காமல் கிழித்தாலும் சரி, கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் கறிக்கடையைத் திறக்கவில்லை என்று தம்பி சொன்னான். குர்பானி அறுக்க ஊரே உங்களைத் தேடும் நாள் அது. அம்மா மவுத்தான நாளில் இறக்கிய ஷட்டரை இன்னும் ஏற்றவில்லையாம். ஏன் என்று கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை. "கத்தியைத் துணியில சுத்தி பரண்ல வெச்சுட்டாங்க" என்று மட்டும் சொன்னான்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் கேட்டதற்காக என் மேல் கோபம் என்றால், அந்தக் கோபத்தை எனக்கு அனுப்புங்கள், கடைக்கு எதற்கு? குமுளியில் தாய்வீட்டுக்குப் போன அம்மா, பிறந்து வளர்ந்த ஊரின் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வழி தெரியாமல் நின்றாள். அதில் தொடங்கி, என்னைப் பார்த்து "நீ யாரு மோளே?" என்று கேட்டது வரை எல்லாம் எவ்வளவு வேகமாக நடந்து முடிந்தது! இந்த நோயை ஆடுகளின் மூளையில் தினமும் பார்க்கிறவள் நான். என் தாயிடம் வந்தபோது ஒன்றும் செய்ய முடியாமல் நின்றேன். எல்லாம் முடிந்த அன்று, அவளைப் பார்த்துவந்த டாக்டர் ஞானஜோதி, "சம்மதித்தால் மூளையை ஆய்வுக்கு அனுப்பலாம், அப்போதுதான் உறுதியாகத் தெரியும்" என்று சொன்னார். நான் உங்களிடம் கேட்டேன்.

"உனக்கு அவ அம்மா இல்ல, ஒரு சாம்பிள்" என்றீர்கள்.

குழாய்களின் மேல் சாம்பிள் என்று எழுதுவதுதான் என் வேலை. இப்போதெல்லாம் அந்தச் சொல் வரும்போது பேனா நின்றுவிடுகிறது.

என்னிடம் பேசாமல் இருங்கள். கடையை ஏன் மூடினீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

யாஸ்மின்


பாலக்காடு
8 ஜூலை 2024

யாஸ்மின்,

உன் ஸலாமுக்குப் பதில் ஸலாம். கிழிக்கவில்லை. படித்தேன்.

பள்ளியில் எல்லாம் இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன். போனில் வரும் உன் குரல் உன் அம்மா கௌலத்தின் குரலாக இருக்கிறது. முன்பு தெரியவில்லை. அவள் போன பிறகு ஒருமுறை ஷஹீரின் போனில் நீ பேசியது அடுத்த அறைவரை கேட்டது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் எடுப்பதில்லை.

இந்தக் காகிதத்தை ஷஹீர் போட்டோ எடுத்து அனுப்புவான். என் எழுத்து உனக்குப் புரியாவிட்டால் அவனிடம் கேள்.

ஊரில் பேசுகிறார்கள். "அந்தப் பைத்தியப் பசு நோய்தானாமே" என்று புதுப்பள்ளித் தெருவிலேயே ஒருவன் என் காதுபடச் சொன்னான். ஊர் வாய்க்குப் பயந்து கடையை மூடுகிற ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும்.

கௌலத்துக்கு மூளை வறுவல் பிடிக்கும். கடையில் நல்ல இளம் ஆட்டுத்தலை விழுந்தால் மண்டையோட்டைப் பக்குவமாகத் தட்டி, மூளை கலங்காமல் எடுத்து, இலையில் வைத்துக் கொண்டுவருவேன். மிளகைத் தூக்கலாகப் போட்டு வறுப்பாள். நீயும் தின்றாய், நாங்களும் தின்றோம். ஆனால் அவளுக்கென்று எடுத்துவைத்துக் கொடுத்தவன் நான். கல்யாணமான முதல் வாரத்திலிருந்து கொடுத்தேன்.

நீ அங்கே செம்மறியின் மூளையில் இதே நோயைத்தான் பார்க்கிறாய். அதனால் நேராகக் கேட்கிறேன். என் கையால் கொடுத்ததுதான் அவளைக் கொண்டுபோனதா?

இதை உன்னிடம் கேட்க வாய் வராமல்தான் இவ்வளவு நாள் இருந்தேன். ஆறுதல் சொல்லாதே. அது வேண்டுமானால் இமாமிடம் போவேன். உனக்குத் தெரிந்ததைச் சொல்.

மூளையை நீ கேட்டது சரியில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அத்தா


ஸராகோஸா
21 ஜூலை 2024

அன்புள்ள அத்தா,

இந்தக் கேள்வியைத் தனியாகச் சுமந்துகொண்டா இத்தனை மாதம் உட்கார்ந்திருந்தீர்கள்? நான் என்னவோ என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறுதல் வேண்டாம் என்றீர்கள். தெரிந்ததை அப்படியே எழுதுகிறேன். மாட்டின் நோய் மனிதர்களுக்கு வந்தது உண்மை. முக்கியமாக இங்கிலாந்தில் வந்தது. அது பெரும்பாலும் இளம் வயதினரைப் பிடித்தது, அதன் போக்கும் வேறு. அம்மாவுக்கு எடுத்த ஸ்கேனும் முதுகுத்தண்டு நீரின் சோதனையும் அந்த வகையைக் காட்டவில்லை. செம்மறியின் நோய் ஐரோப்பாவில் இருநூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. எத்தனையோ தலைமுறை அந்த ஆடுகளைத் தின்றிருக்கிறது. அதனால் ஒரு மனிதருக்கு இது வந்ததாக இதுவரை சான்று இல்லை. நம் ஊர்ப் பக்கத்து ஆடுகளில் அந்த நோயை யாரும் பார்த்ததாகவும் நான் கேள்விப்பட்டதில்லை. சான்று இல்லை என்பதும், நடக்கவே நடக்காது என்பதும் ஒன்றல்ல. அதையும் உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் உங்கள் கை என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை, அத்தா. மனிதர்களுக்குப் பெரும்பாலும் இது தானாகவே வருகிறது. வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ.

தானாக என்றால் எப்படி என்று கேட்பீர்கள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன்.

இந்த நோயைக் கொண்டுவருவது கிருமி கிடையாது. அதற்கு உயிர் இல்லை. நம் மூளையிலேயே எப்போதும் இருக்கிற ஒரு புரதம்தான். அது ஒரு விதமாக மடிந்திருக்க வேண்டும். எங்கோ ஒன்று தவறாக மடிகிறது. பக்கத்தில் உள்ளதைத் தொட்டு அதையும் தன்னைப் போல மடிக்கிறது. அது அடுத்ததை. வேக வைத்தாலும் அழியாது. உயிர் இருந்தால்தானே சாவதற்கு?

போன மாதம் ஒரு பெட்டை ஆட்டின் மூளைத் துண்டு என் மேஜைக்கு வந்தது. நோய் புகுந்த மந்தையில் இருந்த ஆடு. ஆனால் அது நன்றாக மேய்ந்தது, நன்றாக நடந்தது, குட்டிக்குப் பால் கொடுத்தது. மேய்த்தவர் அதில் ஒரு குறையும் காணவில்லை. நான் பார்ப்பது அதன் டி.என்.ஏ. என்கிற மரபெழுத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சின்னஞ்சிறு குறிகளை. குளம்பிலும் கண்ணிலும் மூளையிலும் ஒரே எழுத்துதான் இருக்கிறது. எங்கே எது ஒலிக்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதை அந்தக் குறிகள்தான் சொல்கின்றன. நாம் 'க' மேல் புள்ளி வைத்தால் 'க்' ஆகிவிடுகிறதே, அது மாதிரி. எழுத்து அதேதான், ஓசை அடங்கிவிடுகிறது. அந்தப் பெட்டையின் மூளையில், நோயில்லாத ஆடுகளோடு ஒப்பிட்டால், சில இடங்களில் குறிகள் கூடியிருந்தன, சில இடங்களில் கரைந்திருந்தன. வெளியே ஒன்றும் தெரியாத காலத்தில் உள்ளே எல்லாம் திருத்தி எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. நோய் இப்படித் திருத்துகிறதா, இல்லை நோயோடு போராடும் மூளை தானே திருத்திக்கொள்கிறதா? எங்களுக்குத் தெரியாது. திரையில் அதைப் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கேட்கப் பயமாக இருக்கிறது. சிறிய அளவில் சிலருக்கு இது குடும்பவழியாக வருவதுண்டு. அப்படியென்றால் எனக்கும் ஷஹீருக்கும் வரலாம். அன்று வராந்தாவில் இதைச் சொன்னால் நீங்கள் இடிந்துபோவீர்கள் என்று சொல்லாமல் விட்டேன். அம்மா இருந்தபோது எடுத்த ரத்தம் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அதைச் சோதிக்க உங்கள் சம்மதம் வேண்டும். யாரையும் கீற வேண்டாம்.

யாஸ்மின்


பாலக்காடு
19 ஆகஸ்ட் 2024

யாஸ்மின்,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். குறி விஷயம் எனக்குப் புரிந்தது. மதரஸாவில் ஓதும்போது எழுத்துக்கு மேலும் கீழும் உள்ள சின்னக் கோடுகளில் பிழை விட்டால் உஸ்தாத் காதைத் திருகுவார். எழுத்து சரியாக இருந்தும் பொருள் கெட்டுப்போகும் என்பார். ஆட்டின் மூளைக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கிறது என்று இந்த வயதில் என் மகள் சொல்லிக் கேட்கிறேன்.

நீயும் ஷஹீரும் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு ஷஹீரைப் பார்க்கும்போதெல்லாம் அதுவே நினைவு. ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும் என்று தெரியும். கால் எழவில்லை. அதற்குள் இங்கே ஒன்று நடந்தது.

வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் சின்னையன் இருக்கிறாரே, கடைக்கு வழக்கமாகச் செம்மறி தருகிறவர், அவர் கூப்பிட்டார். "ஏனுங்க ராவுத்தரே, ஒரு கெடா ஒரு மாதிரியா இருக்குதுங்க. விலை பாத்துப் போட்டுக் குடுத்துர்றேன், வந்து ஓட்டிட்டுப் போயிருங்க" என்றார். கடை இல்லை என்றேன். "அட வந்துதான் பாருங்களேன்" என்றார். போனேன்.

ஒரு வயது நிறையாத கிடா. தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு அந்தப் பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. வேலியில் போய் முட்டி, முட்டினது தெரியாமல் அங்கேயே நின்றது. கௌலத்தும் கடைசியில் சுவரைப் பார்த்து நின்றாள், உனக்கு நினைவிருக்கும்.

"இதை அறுக்கக் கூடாது. டாக்டரைக் கூப்பிடுங்க" என்றேன்.

"அறுத்துட்டாக் கறிதானுங்களே? யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும். மத்த ஆட்டையும் இப்ப விக்காதீங்க."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பட்டி முழுக்க ஆடு, எல்லாம் அடுத்த வாரம் சந்தைக்குப் போக வேண்டியவை. "உங்க ஊட்டு நோயைக் கொண்டாந்து எம்பட ஆட்டு மேல ஏத்தறீங்களா?" என்று கேட்டார். நான் வண்டிப் பக்கம் நடந்தேன். வண்டியில் ஏறிப் போயிருப்பேன். அவருடைய வீட்டுக்காரி சின்னத்தாயிதான், "ராவுத்தரு பொண்டாட்டியப் பறிகுடுத்துட்டு நிக்கறாரு, நாக்கு வருதா உங்களுக்கு? டாக்டரம்மாவுக்குப் போனப் போடுங்க" என்று அவரை அதட்டினாள்.

கால்நடை டாக்டர் லிஜி வந்தாள். உன் வயதுதான் இருக்கும். கோட்டயத்துப் பெண், தமிழ் கொஞ்சம் கலந்து பேசுகிறாள், என்னை அண்ணன் முறையில் இக்கா என்கிறாள். கிடாவின் தலையை விரலால் அழுத்திப் பார்த்தாள். என் விரலையும் கையுறை போட்டு அங்கே வைக்கச் சொன்னாள். ஓடு மெலிந்து, அழுத்தினால் அமுங்கியது. "நான் நினைக்கறது சரின்னா இது வேற, இக்கா. எதுக்கும் திறந்து பார்க்கணும்" என்றாள். ஊசி போட்டு அதை வேதனையில்லாமல் அனுப்பிவிட்டு, தோட்டத்துக் கோடியில் வைத்துத் திறந்தாள்.

நான் தள்ளி நிற்கலாம் என்றுதான் நினைத்தேன். நிற்க முடியவில்லை. பக்கத்தில் போய்க் குந்திவிட்டேன்.

மண்டையோட்டை எடுத்ததும் உள்ளிருந்து ஒரு நீர்ப்பை மேலே எழும்பி வந்தது. கோழிமுட்டை அளவு. தோல் அவ்வளவு மெல்லியது, வெயில் உள்ளே புகுந்து மறுபக்கம் தெரிந்தது. அதன் சுவரில் அரிசிக் குருணை தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு புழுவின் தலையாம். நாயின் குடலில் வாழ்கிற புழு, புல் வழியாக ஆட்டுக்குள் போய் இங்கே வந்து குடியேறியிருக்கிறது. தலையைப் புதைக்க வேண்டும், நாய்க்குப் போடக் கூடாது, நாய்க்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று சின்னையனிடம் சொன்னாள். நான் சொன்னதற்காக மூளையில் ஒரு துண்டை எடுத்து, நீ படிக்கிற அந்த நோய்க்கும் சோதிக்க அனுப்பியிருக்கிறாள். சின்னையன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னிடம் வந்து, "வாய் தவறிருச்சுங்க" என்றார்.

இதை எழுதவந்தது அதற்காக இல்லை. டாக்டர் அந்தப் பையை எடுத்த பிறகு அடியில் மூளை இருந்தது. பை அமுக்கிய இடம் கிண்ணம்போலக் குழிந்திருந்தது. மிச்சமெல்லாம் அப்படியே இருந்தது, ஈரமாக, மடிப்பு மடிப்பாக. எத்தனை தலையைப் பிளந்திருப்பேன், யாஸ்மின்! எடை பார்த்திருக்கிறேன், கலங்காமல் எடுத்திருக்கிறேன். பார்த்ததில்லை. அந்தக் குழிந்த மூளையோடு அது தன் தாயைத் தேடிப்போய் நின்றிருக்கிறது. சின்னையன் நாக்கைச் சொடுக்கினால் திரும்பியிருக்கிறது. முந்தின நாள்வரை புல்லுக்கும் முள்ளுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கிறது. எல்லாம் அந்த ஒரு கைப்பிடிக்குள். இறைவா, எதை நான் இத்தனை காலம் தராசில் வைத்தேன் என்று தோன்றியது. பயம் வந்தது. பயம் என்பதும் சரியான சொல் இல்லை.

புதன்கிழமை கோயம்புத்தூர் போய் ரத்தத்தைச் சோதிக்கச் சம்மதம் கொடுத்துவிட்டு வந்தேன். கௌலத்தின் மூளையைக் கொடுக்காததில் எனக்கு இன்னும் மனமாற்றம் இல்லை. இந்த ஆட்டைப் பார்த்த பிறகு அதில் உறுதி கூடித்தான் இருக்கிறது. ஆனால் நீ அதை ஏன் கேட்டாய் என்பது தெரிந்துவிட்டது.

அத்தா


ஸராகோஸா
1 செப்டம்பர் 2024

அன்புள்ள அத்தா,

உங்கள் கடிதத்தை ஆய்வகத்திலேயே படித்தேன். பக்கத்து மேஜைப் பெண் என்ன ஆயிற்று என்று கேட்டாள். "என் அப்பா ஒரு செம்மறியின் மூளையைப் பார்த்திருக்கிறார்" என்றேன். அதற்கு எதற்கு அழுகிறாய் என்று அவளுக்குப் புரியவில்லை.

நீங்கள் மறுத்ததை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அம்மாவுக்கு உள்ளே என்ன நடந்தது என்று கடைசிவரை முழுதாகத் தெரியாது. அந்தக் கேள்வி என்னோடு இருந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் நீங்கள் அதை ஒரு சதைத் துண்டு என்று நினைத்து மறுக்கவில்லை, நான் அப்படி நினைத்துக் கேட்கவும் இல்லை. நாம் இருவரும் ஒரே காரணத்துக்காகத்தான் அந்த வராந்தாவில் சண்டை போட்டிருக்கிறோம்.

ரத்தச் சோதனைக்குப் போனதற்கு நன்றி என்று எழுதினேன், அடித்துவிட்டேன். மகள் தகப்பனுக்கு எழுதுகிற வார்த்தையா அது! முடிவு எதுவானாலும் முதலில் உங்களிடமே சொல்லச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் எழுதி நான் தெரிந்துகொள்கிறேன். இங்கே பகல் எப்படியோ போய்விடுகிறது. சாவி வைத்த இடம் மறந்தால்கூட, அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியதோ என்று தோன்றிவிடுகிறது.

அப்போது நான் ஒன்றைச் செய்கிறேன். நோய் இல்லாத ஆடுகளின் பதிவுகளைத் திறந்து பார்க்கிறேன். ஒப்பிடுவதற்காக வைத்திருப்பவை, யாரும் அவற்றை ரசிப்பதில்லை. ஒவ்வொரு குறியும் அதனதன் இடத்தில் இருக்கும். ஒரு கணத்தில் ஒரு மூளைக்குள் எத்தனை கோடிப் புரதங்கள் பிறந்து மடிகின்றன என்று எனக்கு எண்ணிச் சொல்லத் தெரியாது. ஏறக்குறைய எல்லாம் சரியாக மடிகின்றன. தவறினால் பெரும்பாலும் உடனே கண்டுபிடித்து அழிக்கவும் ஆள் இருக்கிறது. அம்மாவுக்குள் ஒன்று தப்பிவிட்டது. நோயைப் படிக்க வந்தவள் நான். வரவர எனக்கு நோய் அவ்வளவு ஆச்சரியமாகத் தெரியவில்லை. குமுளியில் பிறந்த நாளிலிருந்து அத்தனை வருடம் அம்மாவுக்குள் தவறியது ஒன்றுகூடத் தப்பவில்லையே, அவள் ஏலக்காயை மோந்தே தரம் சொன்னாளே, ஷஹீர் பொய் சொன்னால் முகத்தைப் பார்க்காமலே பிடித்தாளே, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

முடிவு வந்ததும் எழுதுங்கள்.

யாஸ்மின்


பாலக்காடு
6 அக்டோபர் 2024

மகளே,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். குடும்பவழியாக வருகிற அந்தப் பிழை கௌலத்திடம் இல்லை. அவளிடமிருந்து உனக்கும் ஷஹீருக்கும் அது வந்திருக்க வழியில்லை. டாக்டர் ஞானஜோதி இதைத் தமிழில் ஒருமுறை சொன்னார், நான் மலையாளத்திலும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அல்ஹம்துலில்லாஹ். நீ இனிமேல் சாவியை எங்கே வேண்டுமானாலும் மறந்துவை.

சின்னையன் கிடாவின் சோதனையிலும் நீ படிக்கிற நோய் இல்லை. அவர் மந்தை சந்தைக்குப் போய்விட்டது. ஷஹீர் கடையைத் திறந்துவிட்டான். நான் போய் உட்காருகிறேன். அவன் அறுப்பு சுத்தமாகத்தான் இருக்கிறது, என்னிடம் சொல்லாமல் எங்கேயோ பழகியிருக்கிறான்.

அப்படியென்றால் ஏன் வந்தது என்று டாக்டரிடம் கேட்டேன். தானாக வந்தது என்றார். நீ எழுதியதையே சொன்னார். யார் மேலும் பழி இல்லாத ஒன்றை எப்படித் தாங்குவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. என் கை என்று நினைத்திருந்தபோது கோபப்பட ஒரு ஆளாவது இருந்தான். அதையும் ஞானஜோதியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது மனதில் பட்டதைக் கேட்டுவிட்டேன். "அவளோட ஸ்கேன் இருக்கும் இல்லையா டாக்டர்? நான் பாக்கலாமா?"

அப்போது உங்களுக்கு விளக்கிக் காட்டக் கூப்பிட்டேனே, நீங்கள் வரவில்லை என்றார். உண்மைதான். உன்னை அனுப்பினேன்.

நாற்காலியைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டு, திரையில் கொண்டுவந்தார். மேலிருந்து கீழே ஒவ்வொரு படமாக நகர்த்தினார். கறுப்புக்குள் சாம்பல் நிறத்தில் அவள் தலை. மடிப்பு மடிப்பாக, அந்தக் கிடாவுக்கு இருந்ததைவிட ஆழமாக, ஆற்றங்கரை மணலில் தண்ணீர் போன தடம்போல. மடிப்புகளின் ஓரம் முழுக்க வெள்ளையாக ஒளிவிட்டது. நடுவிலும் இரண்டு பக்கமும் அதே வெள்ளை.

"அந்த வெளிச்சம்தான் நோய்" என்றார் மெதுவாக.

"தெரியுதும்மா" என்றேன். "பேரெல்லாம் எங்க இருக்கும்? எங்க பேரு, ஊர்ப் பேரு?"

"ஒரு இடத்துல இல்லை, பாய். எல்லா இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். அவள் கோபம் தெரியும், கைப்பக்குவம் தெரியும், தூக்கத்தில் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று தெரியும். நெற்றிக்குப் பின்னால் இவ்வளவு பெரிய ஒரு நிலம் இருந்ததைத் தெரியாமலே வாழ்ந்திருக்கிறேன். என்னைப் பற்றி அவள் நினைத்ததெல்லாம் அங்கேதான் நடந்திருக்கிறது. சுப்ஹானல்லாஹ் என்று என் வாய் தானாகச் சொன்னது. ஆஸ்பத்திரியில், நோயைப் பார்த்து, அதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

வெளியே அடுத்தவர்கள் காத்திருந்தார்கள். டாக்டர் திரையை மூடக் கையைக் கொண்டுபோனார்.

"கொஞ்சம் இருக்கட்டும்மா" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

அத்தா